அத்தான் பூட்டிய ஸ்னோ பிளேட்

"ஹலோ... ஓம் அத்தான், வந்தது. படம் வந்தது... ஓம், ஓம், பாத்திட்டன்... வடிவா இருக்கோ எண்டோ? முதல் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உது என்ன?... ஸ்னோ தள்ளுற பிளேட் எண்டு எனக்கும் தெரியுது. உங்கட பிக்கப்பின்ர மூஞ்சியில ஏன் உது நிக்குது எண்டு கேக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஜெனுஷா இப்போதுதான் ஒக்லண்ட் லின்ஃபீல்ட் வீட்டுக் குசினியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேசுவது நோபேட், அக்கா மாகிரட்டின் புருஷன். அக்காவின் புருஷன் என்பதால் 'நீங்கள்' போட்டுத்தான் ஆகவேண்டும். அந்த 'நீங்கள்'க்குள் எவ்வளவு இளக்காரத்தை அடைக்க முடியுமோ அவ்வளவையும் அடைப்பது என்று அவள் படத்தைப் பார்த்த கணமே முடிவு செய்துவிட்டாள். சிங்கில் அவளுடைய புருஷன் றொய்ஸ்டன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். யாரும் கேட்காமலே கழுவினான். காலையிலிருந்து இது இரண்டாவது தடவை.

"ஒக்லண்டில எங்க அத்தான் ஸ்னோ கொட்டுது? றோட்டில கிடக்கிற இலையைத் தள்ளப் போறியளோ?... ஆ... ஒஹாகுனேயிலயோ. மலையடியில... ம்... லொட்ஜ்... கார் பார்க் துப்பரவாக்கிற கொன்ட்ராக்ட். ம்... எப்ப துவங்குது?... வாற சனியோ!... ஓ. வெள்ளிக்கு முதல் சேர்ட்டிபிக்கட்டில என்ர கையெழுத்து வேணும். ஓ, ஓ. இப்ப விளங்குது, ஞாயிற்றுக்கிழமையில மச்சாளின்ர ஞாபகம் ஏன் வந்தது எண்டு."

ஒக்லண்டின் விரிப் பகுதியில் ஜெனுஷாவுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கராஜ் இருக்கிறது. ஸ்பிரிங், அச்சு, சில்லு என்று பதினாலு வருடமாக வண்டிகளின் வயிற்றுக்குள்ளேயே கிடக்கிறாள். வண்டியில் எதையாவது மாற்றினால், அது ஆளைக் கொல்லாது என்று பார்த்துச் சான்றிதழ் எழுதுகிற அனுமதியும் அவளிடம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு கையெழுத்தைக்கூட அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில்லை.

"சரி, கார்கோ வேலைக்கு லீவோ போட்டனியள்?... என்ன?... விட்டிட்டியளோ? முழுசா?... அத்தான், பதினொரு வருசம்... அக்காவுக்குத் தெரியுமோ?... தெரியும். அவவும் வாறாவோ? லொட்ஜில சமைக்க. சரி. நல்ல சந்தோசம்."

சந்தோசம் என்று சொன்ன வாய் கசந்தது. மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் நிரந்தர வேலை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மனுசன் ஒரு பனிக்காலத்தை நம்பி நிற்கிறார். வெள்ளிக்குள் சான்றிதழ் கையில் இல்லையென்றால் லொட்ஜ்காரன் வேறு ஆளைப் பிடித்துவிடுவான். அக்காவின் வீட்டுச் சோறு முழுக்க இப்போது அந்த பிக்கப்பின் மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆர் தந்தது உந்தச் சாமான்?... சோதிலிங்கமோ? டொரண்டோ சோதிலிங்கமோ?... கொன்டெயினரில போட்டு அனுப்பினவரோ! கடவுளே."

சோதிலிங்கம் நோபேட்டோடு ஒன்றாய்ப் படித்தவர். முப்பது வருடமாக டொரண்டோவில் பனிக்குள் இருக்கிறார், அந்தத் தகுதியில் உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் வீடியோவில் வந்து புத்தி சொல்லுவார். போன வருடம் ஜெனுஷாவுக்கே பிரேக் பற்றி வகுப்பு எடுத்த மகான்.

"அத்தான், அவற்ற வண்டி என்ன வண்டி எண்டு தெரியுமோ? உங்கடையைத் தூக்கி அதின்ர பின்பெட்டியில வைக்கலாம். அதுக்குச் செய்த பிளேட் உது... எத்தினை கிலோ எண்டு கேட்டனியளோ?... கேக்கேல்ல. நான் சொல்லுறன், முந்நூற்றைம்பதுக்குக் குறையாது. நாலு தடியன்கள் பொனட்டில குந்தியிருக்கிற மாதிரி. பொனட்டிலயும் இல்லை, அதுக்கு ஒரு முழம் முன்னால... இல்லை, நிப்பாட்டுங்கோ. நான் கதைக்கிறன். டிரைவர் கதவைத் திறந்தா ஒரு தகடு ஒட்டியிருக்கும். முன் அச்சு எவ்வளவு தாங்கும் எண்டு அதில போட்டிருக்கு. எப்பவாவது வாசிச்சனியளோ?... விலைச்சீட்டு எண்டு நினைச்சனியளாக்கும்."

றொய்ஸ்டன் சத்தமில்லாமல் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். பெருவிரலில் பிளாஸ்டர். நேற்று ரோஜாச்செடி வெட்டும்போது முள் கிழித்ததாம். வைத்துவிட்டு மறுபடி சிங்கிற்கே போய் நின்றான்.

"யூடியூப்போ?... பதினேழு நிமிசம். நல்லது. நானும் அந்தப் பதினேழு நிமிசம்தான் படிச்சனான், மிச்ச வருசமெல்லாம் விரியில பகிடி விட்டுக்கொண்டு நிண்டனான்... இல்லை, நக்கல் இல்லை அத்தான், உண்மையாக் கேக்கிறன். முன்பக்கம் நிலத்தில குந்துது, பின்பக்கம் வாலைத் தூக்கிக்கொண்டு நிக்குது. பிரேக் அடிச்சா பின்சில்லு பிடிக்குமோ? பின்னால பாரம் ஏத்தினனியளோ?... ஸ்பெயார் சில்லோ! ஒரு ஸ்பெயார் சில்லு! அடேயப்பா... ஹெட்லைட் ரெண்டையும் பிளேட் மறைக்குது. விடியப்புறம் இருட்டுக்குள்ள எதைப் பாத்து ஓடப் போறியள், பிளேட்டின்ர முதுகையோ?... ரேடியேட்டருக்குக் காத்துப் போக வழியில்லை. வழியில டவுப்போ தாண்ட முதல் எஞ்சின் கொதிச்சு ஆவி பறக்கும்... ஓம், ஓம். சோதிலிங்கம் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவார். அவரோ உதுக்குள்ள இருக்கப் போறார்?"

தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். சீனி அளவாக இருந்தது. அவன் சரியாகப் போட்டதே அவளுக்கு ஒரு மாதிரித்தான் பட்டது. அந்த யோசனையை முடிக்க நோபேட் விடவில்லை.

"ஓம், கேக்குது... டெஸ்ட் பண்ணிப் பாத்தனியளோ? எங்க?... வெளியில எண்டா எங்க அத்தான்?... சின்ன ஓட்டம் எண்டா..."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் பூசைக்கு அக்கா பிந்தி வந்தாள். முகம் வெளிறி, வாங்குப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கேட்டதற்கு, தலைசுற்று என்றாள். அக்கா வீட்டு வண்டியைக் கோயில் வாசலில் காணவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் விட்டிருப்பதாக அத்தான் சொன்னார். இடம் இல்லையாம். வாசலில் பத்து வண்டி விட இடம் கிடந்தது.

"அத்தான். காலமை பூசைக்கு எதில வந்தனியள்?... கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ... உதோடயோ?... அக்காவை ஏத்திக்கொண்டோ?... முன்சீட்டில?... உங்களுக்கென்ன விசரோ! ஓம், அத்தான் எண்டும் பாக்காமச் சொல்லுறன், விசரோ உங்களுக்கு? அது பம்பரில ஒட்டியிருக்கு! வண்டியின்ர இரும்புச் சட்டத்தில இல்லை, பம்பரில! ஒரு பள்ளத்தில விழுந்து அது கழண்டு கீழ போயிருந்தா வண்டி அதுக்கு மேலால ஏறிக் கவிண்டிருக்கும்... மெதுவாத்தான் வந்தனியளோ? மெதுவாக் கவிண்டா நோகாதோ?... எனக்கு இருக்கிறது ஒரேயொரு அக்கா."

தேத்தண்ணிக் கோப்பையை அப்பால் தள்ளினாள். கோபத்திலா பயத்திலா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும்தான். மறுபக்கத்தில் நோபேட் இப்போது குரலைத் தாழ்த்தி மன்றாடுவது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அழாக்குறையாக் கதைக்காதேங்கோ. ஆர் உதைப் பூட்டினது? அதைச் சொல்லுங்கோ முதல்... தெரிஞ்ச ஆள் எண்டா?... மங்கரேயில ஒரு பெடியன். பேரென்ன?... பேர் மறந்திட்டுதோ? நல்லது. அந்தப் பெடியனுக்கு வெல்டிங் மெசினைத் தொடக் குடுத்தவனை முதல் பிடிச்சு அடிக்க வேணும். கோழி எச்சம் போட்ட மாதிரி ஒட்டி வைச்சிருக்குது எருமை... என்ன வடிவான வெல்டிங்? நில்லுங்கோ, பெரிசாக்கிப் பாத்திட்டுச் சொல்லுறன், எத்தினை ஓட்டை எண்டு எண்ணிச் சொல்லுறன்."

போனைக் காதிலிருந்து எடுத்து, படத்தை இரண்டு விரலால் விரித்தாள். முதல் ஓட்டை. இரண்டாவது. மூன்றாவதுக்குப் போகும்போது விரல் வழுக்கிப் படம் மேலே நகர்ந்தது. பம்பருக்கு மேல், மூலையில், சுவரில் ஒரு நீலப் படச்சட்டம். அதன் கீழே சின்னதாக ஒரு சிவப்பு லைட்.

மடு மாதா.

மன்னாரிலிருந்து கொண்டுவந்து, கராஜ் திறந்த அன்று அவளே ஆணி அடித்து மாட்டிய படம். வெல்டிங் மேசைக்கு மேல் மடு மாதா இருக்கிற கராஜ் இந்த ஒக்லண்டில் ஒன்றே ஒன்றுதான். நேற்று முழுநாளும் அவளும் அக்காவும் பங்கு மண்டபத்தில் விற்பனைக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றார்கள். கராஜ் சாவி வீட்டில் ஆணியில் தொங்கியது.

ஜெனுஷா போனை மெல்லக் காதில் வைத்தாள். குரல் தேன் மாதிரி இறங்கிவிட்டது.

"அத்தான்... ஓம், இருக்கிறன். அந்த மங்கரேப் பெடியன் எப்பிடியான ஆள்?... நல்ல பெடியன். ம்... வயசென்ன இருக்கும்?... சொல்லத் தெரியாது. ஒரு நாப்பத்தேழு இருக்குமோ?... தலைமயிர் இருக்கோ, உச்சியில கொட்டிட்டுதோ?... தொப்பி போட்டிருந்தவரோ. ஓம், ஓம், போடத்தான் வேணும்... பெருவிரலைச் சுட்டுக்கொண்டவரோ?... என்ர கையெழுத்தையும் தான் எடுத்துத் தாறன் எண்டு அந்தப் பெடியன் சொன்னவரோ?... ம். சொன்னவர்."

சிங்கில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இல்லை, நீங்கள் கதைக்கவேண்டாம் இப்ப. கேளுங்கோ. பிக்கப் திறப்பை அக்காவிட்டக் குடுங்கோ, உடனே. நான் சொல்லும்வரைக்கும் அது அசையக்கூடாது. சின்ன பிக்கப்புக்கெண்டு பாரம் குறைஞ்ச பிளேட் இருக்கு, நூறு கிலோவும் வராது. கிறைஸ்ட்சேர்ச்சில இருக்கு, நாளைக்கு விடிய போன் அடிச்சுச் சொல்லுறன், புதன் வந்திடும். முன் ஸ்பிரிங் மாத்தி, பிராக்கெட்டைச் சட்டத்தில போல்ட் போட்டு நான் பூட்டித் தாறன்... ஓம், நான்தான்... இல்லை, கையெழுத்து நான் வைக்கமாட்டன். நான் பூட்டினதுக்கு நானே வைக்கேலாது. என்னை மாதிரிச் சேர்ட்டிபிக்கட் எழுதுற மனோஜ் எண்டு ஒருத்தன் வியாழக்கிழமை வந்து பாப்பான், அவன் சரியெண்டா உங்களுக்குச் சேர்ட்டிபிக்கட், பிழையெண்டா இல்லை. கார்கோவுக்கு அடிச்சு, வேலையைத் திரும்பத் தருவினமோ எண்டும் கேட்டு வையுங்கோ... நன்றியெல்லாம் வேண்டாம். சோதிலிங்கத்துக்கு மட்டும் உதைப் பற்றி ஒண்டும் சொல்லாதேங்கோ, பேந்து எனக்கும் அடிச்சுப் படிப்பிப்பார்."

பின்னால் கதிரை மெல்ல நகர்ந்தது. அவள் திரும்பவில்லை.

"இன்னொண்டு. பின்பக்கத்துக்குப் பாரம் வேணும் எண்டனெல்லே, மணல் மூட்டை ஒண்டும் வாங்காதேங்கோ. இஞ்ச எண்பத்தாறு கிலோவில சும்மா ஒண்டு நிக்குது. லீவும் எடுக்கும். பின்பெட்டியில ஏத்திக்கொண்டு போங்கோ, சீசன் முடிய இறக்கினாக் காணும்... கோவமோ? சீச்சீ. உங்களோட ஒரு கோவமும் இல்லை அத்தான். சரி, வைக்கிறன்... இல்லை, அவசரம். மங்கரேப் பெடியன் பின்கதவடியில சப்பாத்துப் போடுறார்."