திண்டுக்கல் பூட்டும் ஒரு திருடனும்

ஏனுங்கம்மாவா? அடடே, தமிழா நீ! அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? கன்னடத்துல திட்டித் திட்டி எனக்கு வாய் வலிக்கறது. கொள்ளேகால் பக்கமா? பேரென்ன? கரியப்பன். நிஜப் பேரைச் சொல்ற திருடனை இப்பத்தான் பாக்கறேன். பாக்கக்கூட இல்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுண்டு கேக்கறேன்.

இடிக்காதே. நீ சாமான் வெக்கற உக்ராண உள்ளுக்குள்ள தொப்புனு விழுந்த உடனேயே வெளில தாழ்ப்பாள் போட்டுப் பூட்டிட்டேன். திண்டுக்கல் பூட்டு. மைசூர்ல இல்லாத பூட்டான்னு கேட்டேன். எங்கண்ணா பாச்சு கேக்கலை, ரயிலேறிப் போய் வாங்கிண்டு வந்தார். திருடனால திறக்கவே முடியாதுன்னார். வாஸ்தவம்தான், முடியலையே உன்னால.

அடி பட்டுதா? படும். பரண் பலகை உளுத்துப் போச்சு, மேல ஓடும் ஆடறதுன்னு எத்தனை தரம் சொன்னேன். அண்ணாவுக்குக் கவனமெல்லாம் வாசல்லதான். மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சார். ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டார். பத்தாததுக்கு ஒரு நாய். நாய் எங்கேன்னா கேக்கறே? சமையல்காரா பின்னாடியே கல்யாணச் சத்திரத்துக்குப் போயிடுத்து. அதை யாரும் ஏன் வந்தேன்னு கேக்கலை.

நானா? நான் ஏன் போகலையா? நன்னாக் கேட்டே போ. கல்யாணத்துக்குப் போன ஆத்துலதான் திருடன் நுழைவான், ஒருத்தராவது இருக்கணும்னார் அண்ணா. யார் இருக்கறதுன்னு பேச்சே எழலை. ஆம்படையான் போனதுலேர்ந்து எந்தக் கல்யாணம்னாலும் நாந்தான் காவல். சம்பளம் கிடையாது, ரிடையரும் கிடையாது. எங்க மன்னி மீனாக்ஷி ரொம்ப நல்லவ. சுபகாரியத்துல உன் மூஞ்சியைக் காட்டாதேன்னு வாய்விட்டுச் சொல்லுவாளா? ரேஷன் காலமாச்சேடி, இத்தனை பேருக்கு மேல இலை போடப்படாதுன்னு சர்க்கார் உத்தரவாச்சே, உனக்கு ஆத்துக்கே சாப்பாடு கொண்டு வரேன்னா. சொராஜ்யம் வந்து அவாஅவாளுக்கு என்னென்னமோ கிடைச்சுது. எனக்கு ஒரு இலை குறைஞ்சுது.

சிரிக்காதேடா. வயறு எரியறது எனக்கு. கூப்பிடாத ஆத்துக்கு நீ ஓட்டைப் பிரிச்சுண்டாவது வந்துட்டே. அந்தத் தைரியம் எனக்கு வரலையேன்னு பொறாமையா இருக்கு.

வெள்ளியா? அதெல்லாம் சத்திரத்துல சீர்த்தட்டா உக்காந்துண்டிருக்கு. உன் கையில இப்ப உருள்றது புளிப்பானை. கீழ வை. உடைஞ்சா நாந்தான் பதில் சொல்லணும்.

இரு. நாயனம் கேக்கறதா? ஊஞ்சல் முடிஞ்சுடுத்து போலிருக்கு. இனிமே கன்னிகாதானம். பொண்ணை மடில உக்கார வெச்சுண்டு அண்ணா தாரை வார்ப்பார். மன்னி பட்டுப்புடவை சரசரக்கத் தீர்த்தம் விடுவா. அப்புறம் தாலிதான்.

டேய் கரியப்பா, எனக்கு ஒண்ணு தோண்றது. ஆத்துல திருடன் பூந்தா அண்ணாகிட்ட சொல்லணுமா வேண்டாமா? சொல்லணும்னா சத்திரத்துக்குத்தானே போகணும்? காவலுக்கு வெச்சவளே பதறிண்டு ஓடி வந்தா, நீ ஏன் வந்தேன்னு எந்த வாய் கேக்கும்? மன்னி வாய்கூடக் கேக்காது. புண்ணியவான்டா நீ. பத்திரிகையில எம்பேர் இல்லை, நீ வந்து என்னை அழைச்சிருக்கே.

அழாதே. உன்னைப் பிடிச்சுக் குடுத்து எனக்கென்ன ஆகணும்? மூலையில பெரிய பித்தளை அண்டா இருக்கு பார். அதைக் கவுத்துப் போட்டு ஏறினா நீ பிரிச்ச ஓட்டை எட்டும். ஆனா கெட்டிமேளம் கேட்டப்புறந்தான் ஏறணும், இங்கே வரைக்கும் கேக்கும். நீ போயிட்டாலும் பரவாயில்லை, உடைஞ்ச பரண் எனக்குச் சாட்சி சொல்லும்.

நான் வரட்டுமா? போன உடனே கத்திட மாட்டேன், பயப்படாதே. தூண் மறைவுல சித்த நிப்பேன். கனகலக்ஷ்மி என் வயத்துல பொறந்த பொண்ணுடா. அவ கழுத்துல மூணு முடிச்சும் விழட்டும். அப்புறம் கத்தறேன், திருடன் திருடன்னு.