குரல் கேட்டதும் ஓடு

புது ஷூ போட்டு வந்திருக்கிறீர்கள் சார். ஓடுதளத்தின் கிழக்கு வளைவுப் பக்கம் போவதென்றால் அதைக் கழற்றி இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். மழை விட்டு எவ்வளவு நேரமானாலும் அங்கே தண்ணீர் வடியாது. ரப்பருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, மிதித்தால் பீய்ச்சி அடிக்கும். உங்களுக்கு முன்னால் சோதனைக்கு வந்த இன்ஜினியர் முழங்கால் வரை நனைந்து, தலைமையாசிரியை அறையில் விசிறிக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், சுவரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சாமான் அறையில் உபசாரத்துக்கு ஒன்றும் இருக்காது. காற்றுப் போன பந்துகளும் துருப்பிடித்த தடையோட்டச் சட்டங்களும் நானும்தான் இருக்கிறோம். மூன்றுமே ஏறக்குறைய ஒரே வயது.

தார்த் தளம் காய்வதற்குள் அதன்மேல் ஏன் ரப்பர் போட்டார்கள் என்பதுதானே உங்கள் கேள்வி? தலைமையாசிரியை சொன்னதால்தான் போட்டேன் என்று ஒப்பந்ததாரர் சொல்லியிருப்பார். மேலிடத்தில் தேதி குறித்துவிட்டார்கள், என்னால் என்ன செய்ய முடியும் என்று தலைமையாசிரியை சொல்லியிருப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அதை உண்டாக்கியவன் நான். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டீர்கள் என்றால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். எனக்கும் இதைச் சுமந்து சுமந்து அலுத்துவிட்டது.

இந்த மைதானத்தை முதல்முதலாகத் தோண்டியபோது என் தங்கையின் மூத்த பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஓடுதளம் வரப்போகிறது என்று பள்ளிக்கூடமே குதித்தது. பெரிய இயந்திரம் வந்தது, நீள்வட்டமாகப் பள்ளம் பறித்தது, ஒரு லாரி ஜல்லியைக் கொட்டியது, போய்விட்டது. அதோடு சரி. ஒப்பந்ததாரரை எப்போது போனில் கூப்பிட்டாலும் "நாளைக்கு வந்துடறேன் சார்" என்பார். பிள்ளைகள் அவருக்கு நாளைக்குக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் நானே வாய் தவறி அவரை நேரில் அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அவருக்கு மேலே கையெழுத்துப் போட வேண்டியவர்கள் போடவில்லை. அவர்களுக்கு மேலே இன்னும் சிலர் இருந்தார்கள்.

பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் தலைப்பிரட்டை பிடித்து விளையாடினார்கள். ஜல்லிமேல் புல் முளைத்தது. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த விளையாட்டு ஆசிரியர்கள் தங்கள் பள்ளிகளில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பை வாங்கி வந்தார்கள். என் பிள்ளைகள் நன்றாக ஓடுகிறவர்கள் சார். ஓட இடம் இல்லாமல் ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு வெளியே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்னை உள்ளுக்குள்ளே அரித்துவிட்டது. எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இதே மண்ணில் நான் பழக்கிய ஒரு பிள்ளை நல்ல தளத்தில் ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு இல்லை.

அந்த நாட்களில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் சொல்வான், "யாருக்காவது ஏதாவது ஆனாத்தான் சார் இவங்களுக்கு உறைக்கும்." பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து அதையே சொன்னார், பாதிப் பேர் தலையாட்டினார்கள். தலைமையாசிரியை மிகவும் மென்மையானவர், எறும்பைக் கூட மிதிக்க மாட்டார். அவரும் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு பிள்ளைக்கு அடிபட்டு, பேப்பர்ல வந்தாத்தான் இதுக்கு விடிவு காலம் போலிருக்கு சார்" என்றார். நாளைக்குக்காரர் ஒரு படி மேலே போனார். "ஒரு கால் உடையட்டும் சார், மறுநாளே ஃபைல் நகரும். பாத்துக்கிட்டே இருங்க."

இத்தனை பேர் சொல்லியும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் இதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன்.

மைதானம் பள்ளமாகிப் போனதால் நாங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ரோட்டில்தான் பயிற்சி செய்தோம். நீங்கள் வந்த வழியில் மதிற்சுவர் முடிகிற மூலையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு சந்து வந்து சேர்கிறது. சுவர் மறைப்பதால் சந்தில் இருந்து வருகிற வண்டி மூக்கை நீட்டும்வரை தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். தொடர் ஓட்டத்தில் பேட்டன் குச்சியை வாங்குகிற பிள்ளை கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு முன்னால் பார்த்தபடி ஓட ஆரம்பிக்க வேண்டும், திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். மற்றப் பள்ளிகளில் பேட்டனோடு ஓடி வருகிற பிள்ளையே குரல் கொடுக்கும். எங்கள் பள்ளியில் நான் கொடுப்பேன். மூலையில் நின்று, சந்தில் வண்டி இல்லை என்று பார்த்து, பேட்டனும் பக்கத்தில் வந்துவிட்டது என்று பார்த்து, "போ" என்பேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைத்தது இதுதான்: "என் குரல் கேட்டா ஓடு. கேக்கலன்னா நில்லு. வேற எதையும் பாக்காத." பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்தேன். தலைமையாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பாராட்டினார்.

ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கு எடுத்துப் போகிற வேன் ஒன்று தினமும் பயிற்சி முடிகிற நேரத்தில் அந்தச் சந்து வழியாக வரும். வேகமாக வருகிற வண்டி இல்லை. டிரைவர் தங்கமான மனிதர், பிள்ளைகளைப் பார்த்துக் கையசைப்பார். ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் பிசகினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். மிஞ்சிப் போனால் ஓர் எலும்பு முறிவு. கட்டுப் போட்டால் கூடிவிடும், வளரும் வயது. அந்த வேன் எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

யார் என்பதில்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. எங்களிடம் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு என்றால் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள், பிள்ளையின் வலி வீணாகப் போகும். வசதியான வீட்டுப் பிள்ளை என்றால் அப்பன் வழக்குப் போட்டு ஓட்டப் பயிற்சியையே நிறுத்திவிடுவான். அதையெல்லாம் விட, ஊரான் வீட்டுப் பிள்ளைமேல் கை வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? என் மனசாட்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுத்தவர் பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தன் வீட்டுப் பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறவன் மனிதனா?

எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. தங்கையின் மூத்தவள்தான் எனக்கு எல்லாம். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. மாவட்டத்திலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் போலவே என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள், கேட்டைத் தாண்டியதும் மாமா ஆகிவிடுவேன். அவளுக்கு ஒன்று என்றால் ஊரே பேசும் என்று எனக்குத் தெரியும். அவள் பேரில்தான் எனக்கு உரிமையும் இருந்தது.

அன்று மாலை லேசான காற்று. அவளை மூலையில் நிறுத்தினேன். காலணிக் கயிறு தளர்ந்திருந்தது, குனிந்து இறுக்கிக் கட்டச் சொன்னேன். கட்டிவிட்டு, கையைப் பின்னால் நீட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பேட்டனோடு ஓடி வருகிற பெண் இன்னும் தூரத்தில் இருந்தாள். சந்தில் வேன் சத்தம் கேட்டது.

போ என்றேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு அதே வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அழுக்குத் துணி மூட்டைகளின் மேல் படுக்க வைத்தேன். டிரைவர் ஓட்டிக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன் சார், நடிப்பில்லை. வேகத்தை நான் தப்பாகக் கணித்துவிட்டேன். வேனின் வேகத்தைச் சொல்லவில்லை, அவளுடைய வேகத்தை. மெதுவாக ஓடுகிற பிள்ளையாக இருந்தால் வண்டி உரசிவிட்டுப் போயிருக்கும். அவள் ஒரே தாவில் வண்டிக்கு நேர் முன்னால் போய்விட்டாள். முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிரைவர்மேல் தப்பில்லை, மெதுவாகத்தான் வந்தார் என்று போலீசிடம் நானே சாட்சி சொன்னேன். பொய் சொல்லி ஒருவர் பிழைப்பைக் கெடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் அவருக்கு வேலை போய்விட்டது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்ததாலதான் அண்ணா உசுராவது மிஞ்சுச்சு" என்றாள்.

மற்றபடி எல்லோரும் சொன்னது அப்படியே நடந்தது. பேப்பரில் படம் வந்தது. பெற்றோர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். வருடக்கணக்காகத் தூங்கிய கையெழுத்து ஒரே நாளில் விழுந்தது. நாளைக்குக்காரர் அன்றைக்கே வந்தார். பள்ளத்துத் தண்ணீரை இறைத்தார்கள், மண் போட்டு அமுக்கினார்கள், தார் போட்டார்கள். "தார் காயணும் சார், கீழ இன்னும் ஈரம் இருக்கு, கொஞ்சம் டைம் குடுங்க" என்று அவர் கெஞ்சினார், அதையும் சொல்லிவிடுகிறேன், பாவம். யார் கேட்டது? அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது தளம் தயாராக இருக்க வேண்டும் என்று ஊரே நின்றது. பெரிய மனிதர்கள் தேதி குறித்தார்கள். ஈரத்தின் மேலேயே ரப்பரை ஒட்டினார்கள். திறப்பு விழாவில் சக்கர நாற்காலியில் இருந்து ரிப்பனை வெட்டியவள் அவள்தான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது அந்த ரப்பர் புண்ணில் நனைந்த பிளாஸ்திரி போலக் கழன்று வருகிறது. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். ஆஸ்பத்திரியில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? நீங்க போன்னு சொன்னப்போ அவ கால் சத்தமே எனக்குக் கேக்கல. பாதி தூரங்கூட வரல இல்ல?"

"தப்பா பாத்துட்டேன்மா" என்றேன்.

"பரவால்ல மாமா. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஓடிட்டேன்."

ஆரஞ்சை முழுவதும் ஊட்டி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஒரு சுளை கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது சாயங்காலங்களில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவளைத் தளத்தைச் சுற்றிக் கூட்டிப் போகிறேன். நன்றாக உருளுகிறது, கிழக்கு வளைவில் மட்டும் சக்கரம் சிக்குகிறது. அவளுக்கு என் பேரில் எந்த வருத்தமும் இல்லை. அவள் போக இடம் இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காவது இந்தத் தளம் பயன்படுகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

எழுதிக்கொள்ளாமல் ஏன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். ஆனால் தளத்தைப் பற்றி முதலில் ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போங்கள்.

கிழக்கு வளைவு முழுவதையும் பெயர்த்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியையிடம் நீங்கள் சொன்னது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. பெயர்த்துவிட்டுப் போனால் நாளைக்குக்காரர் மறுபடியும் நாளைக்கு என்பார். பிள்ளைகள் மறுபடியும் ரோட்டுக்குப் போவார்கள். காலையில் உங்கள் வண்டியைப் பார்த்ததுமே வாட்ச்மேன் அந்தப் பழைய வார்த்தையை எடுத்துவிட்டான், "இன்னொருத்தருக்கு ஏதாவது ஆனாத்தான் சார் இத முடிப்பாங்க" என்று.

தங்கையின் சின்னவள் இந்த வருடம் தொடர் ஓட்ட அணியில் சேர்ந்திருக்கிறாள். அக்காவை விட வேகம். திரும்பிப் பார்க்கவே மாட்டாள், அப்படிப் பழக்கியிருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவும் சொன்னேன். தோண்டுவதென்றால் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள் சார், பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எனக்கும் வயதாகிவிட்டது. இன்னொரு தடவை என்றால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட என் உடம்பில் வலு இல்லை.