முயல் எண்டு சொன்ன கறி

"அணிலை முயல் எண்டு சொல்லி என்ர மனுசிக்குச் சமைச்சுக் குடுத்திட்டன், அண்ணை."

கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்தவர், பக்கத்திலிருந்த வயதானவரிடம் சொன்னார்.

"அணில் எங்கால?"

"என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரன் காட்டில சுட்டு, உரிச்சு, ரெண்டு தந்தவன். மனுசி ஊரில இருந்து வந்து ஒரு மாசம், ஒண்டும் வடிவாச் சாப்பிடேல்லை. எங்கட கறித்தூளைப் போட்டு நல்ல உறைப்பாப் பிரட்டிக் குடுத்தன். எலும்பையும் விடாமல் சூப்பினவ."

"பிறகென்ன?"

"அடுத்த நாள் விடிய பல்கனியில நிண்டு, அங்க வாற அணிலுக்குக் கச்சான் கடலை வைக்கிறா. பாத்துக்கொண்டு நிக்கேலாமல் உண்மையைச் சொல்லிப்போட்டன்."

"சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"ஓம் அண்ணை."

பஸ் இரண்டு தரிப்பிடங்களைத் தாண்டியது.

"ஏசினவவோ?" என்று பெரியவர் கேட்டார்.

"ஏசியிருந்தாப் பரவாயில்லை. ஆறு வருஷமா நான் இஞ்சயிருந்து போட்ட காயிதமெல்லாம் பத்திரமாக் கட்டிக் கொண்டுவந்தவ. அந்தக் கட்டை மேசையில வைச்சிட்டு, இதில எது உண்மை எண்டு கேட்டவ."