மூடக்கூடாத விரல்

மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் நாங்கள் முதலில் கேட்பது, "விரலை அசைச்சுக் காட்டுங்க" என்பதைத்தான். கட்டு எவ்வளவு பெரிதானாலும் விரல் நுனியை மூடுவதில்லை. உள்ளே இருப்பவர் நலமா என்று சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சும். பதினோரு ஆண்டுகளாக எலும்பு மருத்துவமனையில் இதுவே என் பணி. ஐயா இதைக் குறித்துக்கொண்டால், மேற்கொண்டு சொல்வது எனக்குச் சற்று எளிதாக இருக்கும்.

என் அக்கா நிகழ்த்துகலைக் கலைஞர். கலைக்கூடத்தின் நடுவே ஒரு நாற்காலியில் அவள் அசையாமல் அமர்ந்திருப்பாள். வருபவர்கள் அவளிடம் காணும் குறையை வாய்விட்டுச் சொல்லி, நனைத்த மாவுத்துணியால் அந்த இடத்தை மூடவேண்டும். மாலைக்குள் பெண் மறைந்து, பார்த்தவர்களின் பார்வை மட்டும் வெள்ளைச் சிலையாக மிஞ்சும். அவள் யோசித்த நிகழ்ச்சி அது. துணி நனைத்துக் கொடுப்பதும், மூக்குத் துவாரங்களை யாரும் மூடாமல் காப்பதும் என் பொறுப்பு. முடியாமல் போனால் இடது சுண்டுவிரலைத் தூக்குவாள்; நான் உடனே கட்டை வெட்டிவிட வேண்டும்.

"வேற யாரையாவது கூப்பிட்டுக்கோயேன்க்கா" என்றேன்.

"வேற யார் நின்னாலும் ஜனங்க கண்ணு அவங்க மேல போகும்டி. நீ நின்னா அந்தத் தொல்லை இல்ல."

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. ஆனாலும் வீட்டுக்கு வருபவர்கள் அவளிடம் பேசுவார்கள். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

அன்று நல்ல கூட்டம். "நெத்தி ரொம்ப ஏறிப்போச்சு" என்று ஒருவர் மூடினார். "இந்த வயசுல இவ்வளவு மை எதுக்கு?" என்று ஓர் அம்மாள் இமைகளை மூடினார். "பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாதுப்பா" என்று ஒருவர் வாயை மூடியபோது, அவர் மனைவிதான் அதிகம் சிரித்தார். நான்கு மணிக்குள் அக்காவின் கைகள் நாற்காலியோடு சேர்ந்து இறுகிவிட்டன. மூக்கு நுனியும் அந்தச் சுண்டுவிரலும் மட்டும் வெளியே இருந்தன.

அப்போது கூடத்தின் பொறுப்பாளர், "நீங்களும் ஒண்ணு சொல்லுங்களேம்மா" என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. எல்லோரும் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"மூக்கு" என்றேன். "எனக்கும் இதேதான். எனக்கே பிடிக்கல."

நன்றாகச் சிரித்தார்கள். துணியை வைத்து, இடைவெளி இல்லாமல் அழுத்தித் தடவினேன். அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

"மூச்சு விடுவாங்களா?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"பயப்படாதீங்க. நான் ஆஸ்பத்திரிலதான் வேலை பார்க்கறேன்."

விரல் எழுந்தது. தாழ்ந்து, மறுபடியும் எழுந்தது. வெட்டும் கருவி என் பைக்குள் இருந்தது. ஆனால் அது பெரிதாகச் சத்தம் போடும். நிகழ்ச்சியில் சத்தம் கூடாது என்பது அக்கா வைத்த விதி. அவள் விதிகளை நான் மீறியதே இல்லை. அத்தோடு, எல்லோரும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு துண்டை நனைத்து, அந்த விரலைச் சுற்றினேன். இறுகும்வரை பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கைக்குள் அது சிறிது நேரம் அசைந்தது.

இப்போது உறங்கினால் அந்த விரல்தான் வருகிறது. அசைகிறது. நோயாளிகளிடம் சொல்வதுபோல், "நல்லது, நல்லா அசையுது" என்கிறேன். உடனே விழித்துக்கொள்கிறேன்.

கொன்றது நான்தான், அதில் தங்களுக்கு ஐயம் வேண்டாம். ஒன்றை மட்டும் தயவுசெய்து திருத்தி எழுதுங்கள். கடைசியில் கூட்டம் என் அக்காவுக்காகக் கைதட்டியது என்று தாங்கள் எழுதிய இந்த வாக்குமூலத்தில் இருக்கிறது. பாதிப் பேராவது என்னைப் பார்த்துத்தான் தட்டினார்கள். வேண்டுமானால் அவர்களையே விசாரித்துப் பாருங்கள், ஐயா. என் முகம் அவர்களுக்கு நினைவிருக்கும்.