இருபத்து மூன்று பாயிண்ட்

மலையில் ஆடு தேடுவதற்குக் கூர்மையான கண் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேண்டியது உட்காருவதற்கு நல்ல மெத்தைத் துண்டு. ஈரக்கல்லில் அரை மணி நேரம் உட்கார்ந்தவன் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவான். நடக்கிறவன் கண்ணில் எந்தக் கடாவும் படாது. ஆறு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவனுக்குத்தான் மலை எதையாவது காட்டும். நான் உட்காரக்கூடியவன். நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் தானியக் கிடங்கின் எடை மேடையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன்.

நீங்கள் வயோமிங்காரர், ஷெரிஃப் ஐயா. உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. நீங்கள் மலையடியிலேயே பிறந்துவிட்டீர்கள். இங்கே வேட்டையாட எங்களைப் போன்ற வெளி மாநிலத்தார் விண்ணப்பம் போட வேண்டும். கிடைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பாயிண்ட் சேரும். நான் கேட்ட பகுதியில் பெருங்கொம்பு ஆட்டுக்கு வெளியாருக்கென்று வருடத்துக்கு நான்கே அனுமதிச் சீட்டு. மூன்று சீட்டு அதிக பாயிண்ட் சேர்த்தவர்களுக்குப் போகும். நான்காவது வெறும் குலுக்கல். நேற்று வந்தவன் பெயரும் அதில் உண்டு. ஒருமுறை கிடைத்துவிட்டால் அதோடு வாழ்நாளுக்கும் சரி.

எனக்கு இருபத்து மூன்று பாயிண்ட் சேர்ந்திருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனதைக் கணக்கு வைத்திருந்தேன். அடுத்த வருடம், தப்பினால் அதற்கடுத்த வருடம், என் முறை.

கிப் என் தங்கை வேர்னாவின் கணவன். வயல்களுக்கு நீர் தெளிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். நல்லவன். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவனைப் பற்றி யாரிடமும் நான் தவறாகப் பேசியதில்லை. தேவாலயத்துப் பரிசுச் சீட்டில் பன்றித் தொடை விழுந்தால் அவனுக்குத்தான் விழும். ஆலங்கட்டி மழை பெய்தால் அவன் கூரையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கூரையை உடைக்கும். என் தங்கைக்கு நான் பார்த்து வைத்த பையன் வேறொருவன். அவளை நடன அரங்குக்கு அழைத்துப் போனது நான். அங்கே தவறுதலாக அவள் கால்மேல் பியரைக் கொட்டியவன் கிப். மூன்றாவது மாதம் கல்யாணம்.

விண்ணப்பம் போடச் சொன்னதும் நான்தான். ஜனவரியில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"நானும் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா மச்சான்?" என்றான்.

"போடேன் மாப்ளே. லட்சத்துல ஒருத்தனுக்கு விழும்."

"எந்தப் பகுதின்னு போடணும்?"

நான் என் பகுதியின் எண்ணைச் சொன்னேன். ஒரு கிண்டலுக்குத்தான்.

மே மாதம் முடிவு வந்தது. எனக்கு வழக்கமான வரி: தேர்வாகவில்லை, பாயிண்ட் இருபத்து நான்காக உயர்த்தப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வேர்னா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவள் மாட்டிறைச்சிச் சில்லிக் குழம்பும் பட்டைத்தூள் ரொட்டிச் சுருளும் செய்திருந்தாள். கிப் கதவிலேயே நின்றான். முகத்தில் ஒரு கூச்சம்.

"மச்சான், கோவிச்சுக்காதே. எனக்கு விழுந்துடுச்சு."

நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன். சுருள் நன்றாக இருக்கிறது என்று வேர்னாவிடம் சொன்னேன். அவன் வாங்கியது அந்த நான்காவது சீட்டு. என் வரிசையில் அவன் நுழையவே இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆகவே அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

ஊரில்தான் சும்மா விடவில்லை. முடிவெட்டும் கடையில் ஹார்வி ஸ்ட்ரூபே கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன ஓரின், இருபத்திமூணு வருசமா நீ தண்ணி ஊத்துன. காய் உன் மாப்பிள்ளை வீட்டுல காய்ச்சிருக்காமே?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வழிகாட்ட நான்தான் போக வேண்டும் என்று வேர்னா கேட்டுக்கொண்டாள். "அண்ணே, அவருக்குக் கிழக்கு மேற்கே தெரியாது. நீ கூட இருந்தா எனக்கு பயமில்ல." உண்மைதான். சீட்டு இல்லாமலேயே பதினெட்டு ஜூலை மாதங்கள் அந்த மலைக்குப் போய்த் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இடது கொம்பின் நுனி உடைந்த ஒரு கடா உண்டு. ஒன்பது வருடமாக அதைப் பார்த்து வந்தேன். அது எந்தக் காற்றுக்கு எந்தச் சரிவில் படுக்கும் என்பது எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் போனோம். இரண்டாம் நாள் காலையில், நான் சொன்ன சரிவில், நான் சொன்ன நேரத்துக்கு அது எழுந்து நின்றது. இருநூறு கஜம். காற்று எங்கள் முகத்துக்கு. கிப் துப்பாக்கியை ஊன்றிக் குறிபார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"மச்சான், நம்ம ஊர் மேயர் மாதிரியே இருக்கான். அதே தாடை, அதே நடை."

ஒன்பது வருடத்தில் நான் அதற்குப் பெயர் வைத்ததில்லை. அவன் ஒரு நிமிடத்தில் வைத்துவிட்டான்.

"சுடு மாப்ளே."

"மனசு வரல மச்சான். இவ்ளோ அழகா நிக்கிறான். போட்டோ எடுத்துட்டுப் போயிடலாமா? சொல்லு, உனக்கு ஒண்ணும் இல்லையே?"

எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவன் இரண்டு படம் எடுத்தான். கடா மெதுவாக மேட்டைத் தாண்டிப் போயிற்று. நாங்கள் கூடாரத்துக்குத் திரும்பினோம். அவன் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். கிடைத்ததை வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒருவனுக்கு வசதி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் விழுந்தான். சரளைக்கல் சரிவு. தானாகத்தான் வழுக்கினான். இதை நீங்கள் நம்பலாம். மற்றதையெல்லாம் சொல்ல வந்தவன் இதில் மட்டும் பொய் சொல்லி என்ன லாபம். முப்பது அடி கீழே ஒரு பாறையில் கிடந்தான். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. சுயநினைவு தெளிவாக இருந்தது. வலியிலும் ஏதோ வேடிக்கை பேசினான்.

ஆபத்தில் அமுக்குகிற கருவி என் பையில் இருந்தது. பட்டனை அமுக்கினால் மீட்புக் குழுவுக்கு நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"அமுக்கிட்டியா மச்சான்?"

"அமுக்கிட்டேன். ரெண்டு மணி நேரத்துல ஹெலிகாப்டர் வந்துடும்."

"நல்லவேளை நீ இருந்த."

அவனுக்கு என் கம்பளிச் சட்டையைப் போர்த்தினேன். தண்ணீர்ப் புட்டியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். மேட்டில் வெட்டவெளியில் நின்றால் அவர்களுக்கு என்னைத் தெரியும், அங்கே போய் நிற்கிறேன் என்றேன். சரி என்றான். அவன் துப்பாக்கி சரிவிலேயே கிடந்தது. என்னுடையது என் தோளில் இருந்தது. கரடிக்காகக் கொண்டுவந்தது.

கடாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. வடமேற்குக் காற்று. ஆகவே அது மலைச்சரிவின் இரண்டாவது குடைவில்தான் படுத்திருக்கும். படுத்திருந்தது. எழட்டும் என்று காத்திருந்தேன். ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும். பதினொன்று நாற்பதுக்கு எழுந்தது. ஒரே குண்டு. அது நான்கு அடி நடந்து, மண்டியிட்டு, பக்கவாட்டில் சாய்ந்தது. நான் போய் அதன் கொம்பின்மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது.

கொன்ற இடத்தை விட்டு நகர்த்தும் முன் விலங்கின்மேல் சீட்டைக் கட்ட வேண்டும். அது சட்டம். என் வாழ்நாளில் ஒரு வாத்தைக்கூடக் கணக்குக்கு மேல் சுட்டவன் இல்லை நான். சீட்டு கிப்பிடம் இருந்தது. ஆகவே இறங்கிப் போனேன்.

அவன் முகம் வெளுத்திருந்தது. குளிரில் பல் அடித்துக்கொண்டது.

"வெடிச் சத்தம் கேட்டுச்சே மச்சான். யாரோ நம்ம மேயரச் சுட்டுட்டாங்களா?"

"சீட்டக் குடு மாப்ளே."

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். நான் பார்வையைத் திருப்பவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால், கத்தியிருந்தால், ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். அதை அவனுக்கு எதிராகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"எடது பையில இருக்கு. எனக்குக் கை வரல, நீயே எடுத்துக்க." எடுத்தேன். "பெருசா இருந்தானா?" என்று கேட்டான்.

"நாப்பது அங்குலத்துக்கு மேல."

"நல்லது மச்சான். உனக்குத்தான் வரவேண்டியது அது." கொஞ்சம் பொறுத்து, "ஹெலிகாப்டர் வருதில்ல?" என்றான்.

"வருது."

அதிலும் அவன் முந்திக்கொண்டான், பாருங்கள். நான் எடுத்துக்கொண்டதாக இருக்க வேண்டியதை அவன் கொடுத்ததாக ஆக்கிவிட்டான்.

இறைச்சியை வீணாக்குவது உங்கள் மாநிலத்தில் குற்றம். எங்கள் மாநிலத்திலும்தான். ஒரு முதிர்ந்த கடாவை ஒரே ஆள் உரித்து, நான்கு கால்களையும் முதுகுக் கறியையும் பிரித்து, தலையோடு கூடாரத்துக்குக் கொண்டுவர மூன்று நடை வேண்டும். ஒழுங்காகச் செய்தேன். தோலில் ஒரு கீறல் இல்லை. மூன்றாவது நடையில் இருட்டத் தொடங்கிவிட்டது. மெல்லப் பனியும் விழுந்தது. வெளிச்சம் இல்லாமல் அந்தச் சரிவில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. படுத்துத் தூங்கினேன்.

காலை பத்து மணிக்கு அவனிடம் போனேன். இறந்திருந்தான். புட்டியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அப்போது பட்டனை அமுக்கினேன். எழுபது நிமிடத்தில் வந்துவிட்டார்கள். மீட்புக் குழுவினர் திறமைசாலிகள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிப் கடாவைச் சுட்டான், முதல் சுமையை வைத்துவிட்டுத் திரும்பும்போது சரிந்து விழுந்தான், அந்த நேரம் நான் கூடாரத்தில் இருந்தேன், இரவெல்லாம் தேடிக் காலையில்தான் கண்டேன் என்று சொன்னேன். சீட்டில் அவன் பெயர் இருந்தது. எவரும் சந்தேகப்படவில்லை. நீங்களும் படவில்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவரே நீங்கள்தான்.

வேர்னா அந்தத் தலையைப் பதப்படுத்தி நடு அறையில் மாட்டினாள். கீழே பித்தளைத் தகடு. கிப் ராஸ்மஸ்ஸன், நாற்பத்தொன்றேகால் அங்குலம், தேதி. ஞாயிறுதோறும் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சு. முதல் வருடமே போட்டானாம், முதல் வருடமே விழுந்ததாம், இப்படிப்பட்ட கடாவாம். என்ன கை, என்ன கண் என்பார்கள். இருபது கஜத்தில் இருக்கும் தகர டப்பாவைச் சுடத் தெரியாதவன் அவன்.

"கடைசி நாள் சந்தோசமாத்தான் போயிருப்பாரு, இல்லண்ணே?" என்று வேர்னா ஒருநாள் கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

மறு வருடம் மே மாதம் எனக்கு விழுந்தது. கணக்குப் போட்டபடியே, இருபத்து நான்கு பாயிண்டுக்கு. ஆம், ஒரே ஒரு வருடம். செப்டம்பரில் போய்ப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்று நான்கு வயது இளங்கடாக்கள் திரிந்தன. குடைவு காலியாகக் கிடந்தது. சுடாமல் திரும்பினேன். இனி என் வாழ்நாளில் இன்னொரு சீட்டு கிடையாது. நான் சுட்ட ஒரே கடா என் தங்கை வீட்டுச் சுவரில் இன்னொருவன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். என்னை யாரும் அழைக்கவில்லை, கட்டாயப்படுத்தவுமில்லை. பட்டனை நான் அமுக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தே விட்டுவிட்டு வந்தேன். அமுக்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்பதும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வேர்னாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குப் பேச்சு வராது. தண்டனை எதுவானாலும் சரி. பதிவேட்டிலும் அந்தத் தகட்டிலும் மட்டும் சுட்டவன் பெயரைத் திருத்திவிடுங்கள். ஓரின் ஃபெல்ட்ஹவுஸ்.

இன்னொன்று. காரணம் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள், அதில் நீங்கள் பேனாவால் எழுதியிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அதை அடித்துவிடுங்கள். யார்மேலும் பொறாமைப்பட்டுப் பழக்கமில்லாதவன் நான்.