வெட்டாமல் விட்ட கிளை

தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, சேர். பரவாயில்லை, குடிக்கிறேன். வெறும் வயிற்றோடு பேசினால் எனக்குச் சிடுசிடுப்பு வரும், அப்புறம் நீங்கள் என்னைக் கோபக்காரன் என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் அப்படி இல்லை. றக்வான மலையில் எங்கள் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கவ்வாத்து வெட்டும் ஜனகன் தங்கமான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. மொட்டையாக வெட்டினால் சில செடி பட்டுப்போகும். அதனால் ஒரே ஒரு கிளையை வெட்டாமல் விடுவோம். அந்தக் கிளை செடிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும், வெட்டிய இடமெல்லாம் மறுபடி துளிர்த்துவிடும். என் கைபட்ட செடி ஒன்றுகூடச் செத்ததில்லை, சேர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

டிலானி என் மனைவி. போன வருடம் அவள் முழுகாமல் இருந்தாள். ஒரு நாள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையிலேயே விழுந்துவிட்டாள். நான் தூரத்தில் வேலையில் இருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கும் ஆட்டோக்காரன் கிருஷாந்த்தான் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இரத்தினபுரிக்குப் பறந்தான். பிள்ளை கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் வளர்ந்திருக்கிறது, குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கொட்டிவிட்டது என்றார்கள். அந்தப் பக்கக் குழாயை வெட்டி எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றினார்கள்.

டொக்டர் நோனா, அதுதான் அந்த டொக்டர் அம்மா, எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். மற்றக் குழாய் நன்றாக இருக்கிறது, அதன் வழியாகப் பிள்ளை தரிக்கும், ஆனால் நாள் தள்ளிப்போனவுடன் ஸ்கேன் பார்க்க வேண்டும், திரும்பவும் குழாயில் தங்கிவிடலாம் என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாம் விளங்கியது.

ஆனால் ஆறுதலுக்குச் சொல்வது எது, உண்மை எது என்று தெரியாத மடையனா நான்? என் அக்கா துஷ்யந்தி மூன்றாவது பிள்ளையோடு குழாயை வெட்டிக்கொண்டாள். எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அந்த ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது. ஒருத்திக்காவது அதற்கப்புறம் பிள்ளை பிறந்ததா? குழாய் வெட்டினால் கதை முடிந்தது. எங்கள் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

அதற்காக டிலானியை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் வாடிப்போய் உட்கார்ந்திருந்தால் அவள்தான் பக்கத்தில் வந்து சீண்டுவாள்.

"நீங்க கவ்வாத்துல ஒத்தக் கெளய விட்டுட்டு வெட்டுறீங்கள்ல? நானும் அப்புடித்தாங்க. எனக்கும் ஒண்ணு மிச்சம் இருக்கு. பொறுத்துப் பாருங்க."

செடியும் பெண்ணும் ஒன்றா? பாவம், ஏதோ சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள், அவள் எனக்குத் தெரியாமல் கிருஷாந்தின் ஆட்டோவில் கொடகவெல டவுனுக்குப் போய்வந்தாள் என்று காதில் விழுந்தது. அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியைத் தீட்டினேன். தீட்டினால் என் மனசு அடங்கும்.

அன்று வேலை முடிந்து வந்தபோது அவள் வாசல் திண்ணை இஸ்தோப்பிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, ஸ்கேன் பாத்துட்டேன். இந்தத் தடவ சரியான எடத்துல இருக்குங்க. உறுதியாத் தெரியட்டும்னுதான் சொல்லல. நீங்க மறுபடி ஒடஞ்சி போயிடுவீங்கள்ல?"

யாருடையது என்று மெதுவாகத்தான் கேட்டேன். விளையாட்டு என்று நினைத்து, "ஐயே, ஆளப் பாரு" என்று என் தோளில் தட்டினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "டொக்டர் நோனா படம் போட்டுக் காட்டுனாங்களே, நீங்களுந்தானே பாத்தீங்க" என்றாள்.

கவ்வாத்துக் கத்தியை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தயங்கினால் பட்டை கிழிந்துவிடும். நான் தயங்கவில்லை. ஆனால் நான் குறிவைத்த வயிற்றை அவள் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரல்கள் போன பிறகும் கையை எடுக்கவில்லை. கத்தவும் இல்லை, "புள்ள இருக்குங்க, புள்ள இருக்குங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் கழுத்தில் இழுக்க வேண்டியதாகிவிட்டது. இவ்வளவு சிரமம் கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

கத்தியைக் கழுவத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனேன். அங்கே கிருஷாந்த் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமலே, "அண்ணே, அண்ணி சொல்லிட்டாங்களா? எங்களுக்கு எப்ப விருந்து?" என்றான். தலையைப் பார்த்துத்தான் ஓங்கினேன், அவன் கையைக் குறுக்கே கொடுத்துவிட்டான். கை போனாலும் உயிர் பிழைத்துக்கொண்டான் என்கிறீர்கள். சந்தோஷம். அவன்மேல் எனக்கு இப்போது ஒரு கோபமும் இல்லை.

பிள்ளை கர்ப்பப்பையில்தான் இருந்தது, அது என்னுடையதுதான், பரிசோதனையில் தெரிந்துவிட்டது என்கிறீர்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மறியலில் கம்பிக்குள் உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெட்டியது நான்தான், சேர். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு குழாய் போனாலும் பிள்ளை தரிக்கும் என்று அவள் ஒரு தடவையாவது எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லியிருந்தால், என் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கும்.