திறக்கிற கார்

"திறக்கிற கார் எண்டுதானே அவன் சொன்னவன். மூடும் எண்டு ஒருக்காலும் சொல்லேல்லையே."

பளையில் ரயில் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்த பெண் கணவரிடம் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். விலைக்கு வந்திருந்த, கூரை திறந்து மூடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்க இருவரும் வவுனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாமப்பா. எங்கட நெல்லுக்காசுக்கு இப்பிடி ஒரு கார் வேற எங்க கிடைக்கும்?" என்றார் கணவர்.

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. அனுப்பின படம் எல்லாத்திலயும் கூரை திறந்துதான் இருக்கு. போன் எடுத்துக் கேளுங்கோ."

அவர் எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

"தம்பி, நாங்கள் வந்துகொண்டிருக்கிறம். கூரையை ஒருக்கா மூடி, வீடியோ எடுத்து அனுப்புங்கோவன்."

போனில் விற்கிறவனின் குரல் கேட்டது.

"அண்ணை, இஞ்ச நல்ல வெயில்தானே. இப்ப ஏன் மூடுவான்?"

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வவுனியா வரை போகாமல் கிளிநொச்சியிலேயே இருவரும் இறங்கிவிட்டார்கள். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. ஜன்னலுக்குக் கீழே அவள் குரல் கேட்டது.

"யோசிக்காதேங்கோப்பா. வேற ஒண்டு பாப்பம். வாங்கினால் முதல் நாள் முன் சீற்றில நான்தான் இருப்பன்."